உள்சீட்டு

மழைக்காலம் தொடங்கி ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்கும். மாலை ஜெபத்துக்காக முன்னறையில் மூன்று நாற்காலிகளை எடுத்துப் போட்டேன். எனக்கு ஒன்று, என் மனைவி தங்கத்துக்கு ஒன்று, பூனேயிலிருந்து அன்று மத்தியானம் வந்து இறங்கியிருந்த ஸ்டீபனுக்கு ஒன்று. ஸ்டீபன் என் தங்கை லீலாவின் ஒரே மகன்; மனைவி ஷீபாவும் குழந்தை அன்னுவும் பூனேயில். நேராக அம்பூரிக்கு, அம்மாவிடம் போக வேண்டியவன். வெள்ளறடைப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது என்று டிரைவர் சொன்னதால், பாறசாலையில் எங்கள் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் போவதாக ஏற்பாடு.

பாட்டு முடிந்தது. வேதபாடம் வாசித்தாயிற்று. அடுத்தது கடிதம். எங்கள் வீட்டில் அதுதான் வரிசை: பாட்டு, வேதபாடம், கடிதம், ஜெபம்.

கடிதம் என்று நான் இப்போதும் சொல்கிறேன். வருவதென்னவோ கைபேசியில் குரல்தான். அம்பூரியில் தனியாக இருக்கும் லீலா வாரத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். கைபேசியை வேதப்புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்து, பட்டனை அழுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டேன். காதால் கேட்பதற்குக் கண்ணாடி எதற்கு?

"கர்த்தருக்குள் பிரியமான அண்ணன் அவர்களுக்கும் மைனிக்கும் லீலா எழுதிக்கொள்வது" என்று தொடங்கினாள். பேசுகிறவள் எழுதிக்கொள்வது என்கிறாளே என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. "இஞ்ச கர்த்தருக்க கிருபையால சொகம். நல்ல மழ உண்டு. ரப்பர் வெட்டு நடக்கல்ல. ஸ்டீபன் வந்து சேர்ந்திருப்பான். அவனெ நல்லா சாப்பிட வச்சு அனுப்புங்க. எனக்க காரியம் நெனச்சு நீங்க ஆரும் வெசனப்படண்டாம். கர்த்தர் என்னெ வச்ச எடத்திலயே நான் இருந்துக்கிடுவேன்."

ஸ்டீபன் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். குரல் நின்றது. நாங்கள் மூவரும் கண்ணை மூடினோம். "எங்கள் பரம பிதாவே" என்று நான் ஜெபத்தைத் தொடங்கினேன்.

அப்போது கைபேசி 'டுக்' என்று ஒரு சத்தம் போட்டது.

"அண்ணா, இது ஒனக்கு மட்டும் ஆக்கும்" என்றது லீலாவின் குரல்.

பங்களாவில் பார்த்தது

இந்த இடத்தில் சற்று நிறுத்த வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கடித வழக்கம் தெரியாதவர்களுக்கு, ஒரு கிழவரின் கைபேசி ஜெபத்தில் சத்தம் போட்டது என்பதற்குமேல் இதில் ஒன்றும் இருக்காது.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன காரியம். பள்ளிக்கூடத்துக் கிணற்றைப் பற்றி நான் எழுதிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கிணற்றின் படிகளை நான் கூட்டிச் சொல்லிவிட்டதாக நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அந்தப் படிகளை ஏறும்போதும் எண்ணியிருக்கிறேன், இறங்கும்போதும் எண்ணியிருக்கிறேன். அவர் தண்ணீருக்குள் இருக்கும் படிகளை விட்டிருப்பார்.

இனி வழக்கத்துக்கு வருகிறேன்.

விக்டோரியா மகாராணி காலத்தில் எங்கள் பக்கத்து மிஷன் பங்களாவில் என் பூட்டன் தபால் பை சுமக்கும் வேலை பார்த்தார். பங்களாவில் துரை, துரைசானி, பிள்ளைகள் நான்கு பேர். சீமையிலிருந்து கப்பலில் கடிதம் வந்து சேரும் அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் விளக்கைச் சுற்றி உட்காருவார்களாம். துரை கடிதத்தை உரக்க வாசிப்பார். சமையல்காரர், ஆயா, என் பூட்டன் எல்லோரும் வாசலில் நின்று கேட்பார்கள். ஒரு சொல்லும் புரியாது. ஆனால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்த இடத்தில் துரைசானி கைக்குட்டையை எடுப்பாள் என்பது தெரிந்துவிடும்.

சீமைக் கடிதத்தில் அப்படி என்னதான் இருந்தது என்று பூட்டன் பிற்பாடு ஆயாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். துரைசானியின் அக்காவுக்குப் பல்வலி. அவர்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டது. பையன்களுக்குக் கம்பளி பனியன் அனுப்பியிருக்கிறது, கப்பலில் பூச்சி அரித்திருந்தால் எழுதவும். அவ்வளவுதான். கடல் தாண்டி, மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த பல்வலி. பாவம், அது வந்து சேருவதற்குள் அந்தப் பல்லைப் பிடுங்கியிருப்பார்கள்.

தாளுக்கு எடை உண்டு, எடைக்குத் தபால் கூலி உண்டு. ஆகவே தாள் நிறைந்ததும் அதைக் குறுக்காகத் திருப்பி, எழுதிய வரிகளுக்குமேல் இன்னொரு தடவை எழுதுவார்களாம். பார்க்கப் பாய் பின்னியதுபோல் இருக்கும். என் அப்பா இன்லண்ட் கடிதத்தின் நான்கு ஓரங்களிலும் சுற்றிச் சுற்றி எழுதியது அதிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அப்பாவின் கடிதத்தைப் படிப்பதென்றால் ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் தாளைச் சுற்ற வேண்டும்.

பூட்டன் கவனித்தது இன்னொன்று. உறைக்குள் பெரிய தாளோடு, நாலாக மடித்த ஒரு சின்னத் தாளும் சில நாள் இருக்கும். துரை அதைத் திறக்கவே மாட்டார். அப்படியே துரைசானியிடம் நீட்டுவார். அவள் அதை மடிப்பையில் போட்டுக்கொண்டு, பெரிய கடிதம் முடியும்வரை ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருப்பாள்.

இது வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. எவ்வளவு உண்மை என்பதற்கு நான் பொறுப்பில்லை. பூட்டன் வாசிக்கத் தெரிந்துகொண்டு, கல்யாணமும் கட்டி, தனக்கென்று கடிதம் வரத் தொடங்கியபோது தன் வீட்டிலும் அதே ஒழுங்கைக் கொண்டுவந்தார் என்பது மட்டும் உறுதி. விளக்குக்குப் பதில் ஜெப நேரம் என்று வைத்தார்.

கூடத்துக்கு ஒன்று, மடிக்கு ஒன்று

சின்னத் தாளுக்கு எங்கள் வீட்டில் உள்சீட்டு என்று பெயர். வெளியே 'தனி' என்று எழுதியிருக்கும்.

கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதினால் என்ன எழுத முடியும்? சுகம், மழை, பரீட்சை, போதகர் மாற்றம், பசு கன்று போட்டது. வருத்தமிருந்தால் கர்த்தருக்குச் சித்தம் என்று ஒரு வரி. மற்றதெல்லாம் உள்சீட்டுக்குப் போய்விடும். கட்டிக்கொடுத்த பெண் அம்மாவுக்கு எழுதுவாள்: மாமியார் உப்பே போடுவதில்லை, வரும்போது கொஞ்சம் ஊறுகாய் கொண்டு வா. அண்ணன் தம்பிக்கு எழுதுவான்: மூலத்துக்கு அந்த வைத்தியர் கொடுத்த லேகியத்தின் பெயர் என்ன? பாதி உள்சீட்டும் இப்படித்தான். ஊறுகாயும் லேகியமும்.

இதில் ஒரு மரியாதை உண்டு. உள்சீட்டை வேறு யாராவது தவறிப்போய்ப் படித்துவிட்டால், படிக்காதவர்போலவே நடந்துகொள்ள வேண்டும். படித்தேன் என்று சொல்லவும் கூடாது, அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. என் அம்மா ஒரு தடவை என் மூத்த அண்ணனின் உள்சீட்டை அடுப்புக்கு எடுத்த பழந்தாளில் பார்த்துவிட்டாள். அவன் காதலிக்கிற பெண்ணின் பெயர் அதில் இருந்தது. கல்யாணப் பேச்சு வீட்டுக்கு வந்தபோது, "ஆரு இந்தப் புள்ள?" என்று அவள் கேட்டது இருக்கிறதே, நாடகக் கம்பெனிக்காரர்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

நாங்கள் ஐந்து பேர் பிறந்தோம். மிஞ்சியிருப்பது நானும் லீலாவும். அவள் புருஷன் இறந்த பிறகு அம்பூரியில் அந்த ரப்பர் தோட்டத்து வீட்டில் தனியாகவே இருந்தாள். ஸ்டீபன் இரண்டு தடவை பூனேக்கு வரச்சொல்லி எங்கள் குடும்பக் குழுவில் பேசி அனுப்பினான். இரண்டு தடவையும் அவள் வரவில்லை என்று அதே குழுவில் பதில் அனுப்பினாள். அவள் அனுப்பியதை ஜெபத்தில் கேட்டுவிட்டு, "என் தங்கையை என் பக்கத்திலேயே வைத்திருக்கிறீரே, அதற்காக ஸ்தோத்திரம்" என்று நான் ஜெபித்தேன். அதற்குப் பிறகு வாராவாரம் அதைச் சேர்த்துக்கொண்டேன், பதில் கடிதத்திலும் அதையே பேசி அவளுக்கு அனுப்பினேன். அவள் பக்கத்தில் இருந்தது எனக்குப் பெலன். அதை மறைக்க வேண்டியதில்லை.

பொதுக் கடிதத்தில் அவள் என்னை 'நீங்க' என்பாள். உள்சீட்டில் 'நீ'. சின்ன வயதிலிருந்தே அப்படி. பொதுக் கடிதத்தை மாலையில் பேசி அனுப்பினால், உள்சீட்டு இருந்தால் அதை மறுநாள் காலையில் தனியாக அனுப்புவாள். அந்தத் தடவை மறுநாள் காலையில் ஸ்டீபன் அங்கே வந்துவிடுவான் என்பதால் இரண்டையும் அடுத்தடுத்து அனுப்பிவிட்டாள். எல்லாவற்றையும் எண்ணுகிறவருக்கு இரண்டு வந்திருப்பது தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. அம்பூரியில் சிக்னல் மோசம். ஒரே கடிதம் இரண்டு தரம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். அடுத்தடுத்து வந்த குரல்களைக் கைபேசி தானாகவே ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கண்ணை மூடிக் கேட்டது

ஜெபம் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் யாரும் கண்ணைத் திறப்பதில்லை. பாம்பு வந்தாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் அடிப்போம். கைபேசி ஒரு கை தூரத்தில் இருந்தது. கண்ணாடி உறைக்குள் இருந்தது. நான் கையைக் கூப்பியபடியே இருந்தேன்.

"மைனிக்கிட்டயும் சொல்லண்டாம்" என்று அவள் தொடர்ந்தாள். பக்கத்தில் தங்கத்தின் நாற்காலி ஒரு தடவை கிரீச்சிட்டது.

"அண்ணா, எனக்கு இஞ்ச தனியாட்டுக் கெடக்கப் பேடியா இருக்கு. கள்ளனப் பயந்து இல்ல கேட்டியா. போன ஆழ்ச்ச குளிமுறியில வழுகி விழுந்தேன். எந்திரிக்க முடியல்ல. அப்பிடியே தரையில கெடந்தேன். அடுத்த வீட்டுக் குஞ்ஞுமோள் வந்து கதவத் தட்டினா. நான் குளிக்கேன்னு சொல்லிப்போட்டேன். நாணக்கேடுல்லா."

மழை கூடிவிட்டது. ஓட்டில் விழும் சத்தத்துக்கு மேலே அவள் குரல் தெளிவாகவே கேட்டது.

"இப்ப ஸ்டீபன் கேமரா கொண்டு வாறானாம். எதுக்கு? நான் விழுறத அவன் அங்க இருந்து பாக்கவா? எனக்கு அவன்கூட போவணும் அண்ணா. ரெண்டு தரம் கேட்டான், எல்லாரும் கேக்கும்படியா கேட்டான். நான் வாறேன்னு சொல்லி, அது ஷீபாவுக்கு இஷ்டம் இல்லேன்னா அவன் என்ன செய்வான்? அவனுக்குத்தானே கஷ்டம். நீயும் லீலா பக்கத்தில இருக்கா, பெலன்னு வாராவாரம் ஜெபம் பண்ணுத. அதையும் கேட்டுக்கிட்டு நான் எப்பிடிச் சொல்ல? நீ அவன்கிட்ட சொல்லு. தாய்மாமன் சொன்னதாட்டு இருக்கட்டும். நான் சொன்னதாட்டு இருக்கண்டாம். செரி, வைக்கேன்."

நின்றது.

நான் பாதியில் விட்ட ஜெபத்தைத் தொடர வேண்டும். வழக்கமாகச் சொல்லும் வரி வாய் நுனியில் வந்து நின்றது: என் தங்கையை என் பக்கத்திலேயே. சொல்லவில்லை. வேறு ஒன்றும் வரவில்லை. கடைசியில் தங்கம் "ஆமென்" என்றாள். ஸ்டீபனும் "ஆமென்" என்றான். ஜெபமே இல்லாத ஜெபத்துக்கு இரண்டு ஆமென்.

மரச்சீனியும் மீன்கறியும்

கண்ணைத் திறந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்து ஸ்தோத்திரம் சொல்வது முறை. சொன்னோம். ஸ்டீபனின் கண் சிவந்திருந்தது. சளி என்றான்.

வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மூன்று பேரும் கேமராவைப் பற்றிப் பேசினோம்.

"மூணு கேமரா கொண்டு வந்திருக்கேன் மாமா" என்றான் ஸ்டீபன். "பூனேயில இருந்தே பாத்துக்கிடலாம்." ஜெபத்துக்கு முன்னால் இதையே அவன் சொன்னபோது, பின்பக்கம் ஒன்று குறைகிறதே, நான்காவது ஒன்று வாங்கு என்று நான்தான் சொல்லியிருந்தேன். இப்போது, "நல்ல கேமராவா?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லதுதான் மாமா."

"மழயில நனையாதே?"

"நனையாது."

சாப்பிட்டு எழுந்ததும் அவன் குடையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். பலாமரத்தடியில் நின்று வெகுநேரம் போனில் பேசினான். திரும்பி வந்து, ரேஞ்ச் இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். ரேஞ்ச் இல்லாமல் அவ்வளவு நேரம் யாரிடம் பேசினான் என்று நான் கேட்கவில்லை. மரியாதை.

அடுக்களையில் தங்கம் பாத்திரம் கழுவிக்கொண்டே, "என்ன செய்யப் போறிய?" என்றாள்.

"எதில?"

"ஒங்க தங்கச்சி ஒங்ககிட்ட ஒரு காரியம் சொல்லச் சொல்லியிருக்கா இல்லியா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. மைனிக்கிட்ட சொல்லண்டாம்னு சொன்னது மட்டும் தெரியும்." கரண்டியைச் சற்று ஓங்கியே வைத்தாள். "அம்பது வருஷமா அவளுக்கு நான் மரச்சீனி அவிச்சுக் குடுத்திருக்கேன். பேடியா இருக்குன்னு எங்கிட்டச் சொன்னா என்ன குறஞ்சா போவா?"

படுத்த பிறகு, ஸ்டீபனிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்தினேன். அது முடிந்ததும், சொல்லாமலே விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். ஒன்றும் ஆகாது. மூன்று கேமரா மாட்டிவிட்டு அவன் போவான். லீலா அம்பூரியிலேயே இருப்பாள். வாரம் ஒரு கடிதம் வரும். மழை உண்டு, சுகம் என்று இருக்கும். இதை இங்கே எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அந்த எண்ணம் வந்ததும், உடனே போகாததும் உண்மை.

மூன்றாவது கேமரா

காலையில் மழை விட்டிருந்தது. மூவரும் காரில் புறப்பட்டோம். ஒற்றசேகரமங்கலம் வழியாகப் போகலாம் என்று நான் சொன்னேன், வெள்ளறடையில் மரத்தை எடுத்துவிட்டார்கள் என்று டிரைவர் சொன்னார். மரம் எடுத்தாகிவிட்டதுதான். ஆனால் ரோட்டோரம் அதன் கிளைகள் இன்னும் கிடந்தன.

லீலா வாசலில் நின்றாள். நல்ல புடவை உடுத்திருந்தாள். முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. நான் பார்த்தேன், ஸ்டீபன் பார்த்தான், தங்கம் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் கையில் என்ன என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டிருப்போம். அன்று ஒருவரும் கேட்கவில்லை.

"வாங்க அண்ணா. வாங்க மைனி. சாயா எடுக்கட்டா?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட்டாயா என்று கேட்கும் பார்வை. நான் சுவரைப் பார்த்தேன்.

ஸ்டீபன் ஏணியை எடுத்து வைத்தான். பக்கத்து வீட்டுக் குஞ்ஞுமோள் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சீ, இனி ஞான் முடி சீகிட்டு வேணமல்லோ வரான்" என்றாள். கேமராவில் தெரியும் என்பதால் இனிமேல் தலை சீவிவிட்டுத்தான் வர வேண்டும் என்று அவள் கவலை. லீலா சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தோம். முதல் கேமரா முன்வாசலில் ஏறியது. இரண்டாவது அடுக்களை வாசலில். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டீபன் ஏணியிலேயே நின்றான்.

"இத எங்க வைக்கட்டும்மா?"

"ஒனக்கு இஷ்டமுள்ள எடத்தில வை மக்கா."

"குளிமுறி வாசலப் பாத்து வைக்கட்டா?"

லீலா சாயா தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். அடுக்கியதையே எடுத்து மறுபடியும் அடுக்கினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. இனிப் பார்க்கப் போவதில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ராத்திரி ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

"எலே, கீழ எறங்கு" என்றேன்.

"என்ன மாமா?"

"எறங்குலே. கேமராவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒனக்க அம்மையெ கூட்டிக்கிட்டுப் போ."

குஞ்ஞுமோள் ஏணியை விட்டுவிட்டாள். நல்லவேளை, ஸ்டீபன் கடைசிப் படிக்கு வந்திருந்தான்.

லீலா தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணன் அப்பிடிச் சொன்னா பின்ன நான் என்ன சொல்ல" என்றாள். பொதுக் கடிதத்தின் அதே குரல்.

ஸ்டீபன் அவள் முன்னால் வந்து நின்றான். "நீ வாறியாம்மா?"

"மாமா சொல்லுதாரு இல்லியா."

"மாமா சொல்லுதது இருக்கட்டும். நீ வாறியா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "வாறேன்" என்றாள். பொதுக் கடிதத்தில் நான் ஒருநாளும் கேட்டிராத குரல் அது.

"ஷீபா முறி ஒழிச்சுப் போட்டாம்மா. அன்னுவுக்க மேசைய ஹால்ல எடுத்துப் போட்டாச்சு. நேத்து சொன்ன ஒடனே தொடங்கிட்டா."

"நேத்தா?" லீலா நிமிர்ந்தாள். "நேத்து எப்பிடி? மாமா இப்பத்தானே சொன்னாரு?"

ஸ்டீபன் என்னைப் பார்த்தான். நான் தங்கத்தைப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் வீட்டில் கணக்கு உதைத்துவிட்டது.

"அண்ணா!" என்றாள் லீலா. "ஜெபத்தில வச்சியா?"

"நான் வைக்கல்ல. அது தன்னால பாடிச்சு."

"எல்லாரும் கேட்டியளா?"

"கண்ண மூடிக்கிட்டுத்தான் கேட்டோம்" என்றாள் தங்கம்.

லீலாவுக்கு முகம் சிவந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். உண்மையிலேயே திட்டத்தான் தொடங்கினாள். "ஒரு போன் வைக்கத் தெரியல்ல, இதில பிள்ளைகளுக்குக் கணக்கு படிச்சுக் குடுத்தாராம்" என்று ஆரம்பித்தாள். பாதியில் தங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கம் சிரிக்கவில்லை. "கையில எண்ண தேச்சியா?" என்று கேட்டு, நீலம் பாரித்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

சாமான் கட்டும்போது

புறப்பட இன்னும் சில நாள் எடுத்தது. நான் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். உதவி என்று சொல்லிக்கொண்டேன். சணல் கயிற்றை வெட்டிக் கொடுத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

ஒருநாள் மத்தியானம் மற்றவர்கள் வெளியே இருந்தார்கள். லீலா புடவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு சரியில்லை என்றால் கண்ணில் பட்டதை எண்ணத் தொடங்கிவிடுவேன் என்பது அவளுக்கு எழுபது வருஷமாகத் தெரியும்.

"அண்ணா, ஒனக்கு வெசனமா?"

"எனக்கு என்ன வெசனம்?"

"பின்ன எதுக்கு ஜன்னல் கம்பிய எண்ணுத?"

நான் எண்ணுவதை நிறுத்தினேன். "நீ போனா பின்ன எனக்கு ஆரு இருக்கா?"

"மைனி இருக்கா."

"அவ இருக்கா. அப்பா தும்மினா எப்பிடித் தும்முவாருன்னு அவளுக்குத் தெரியுமா? பெரியண்ணன் என்னெ என்ன பேரு சொல்லி விளிப்பான்னு தெரியுமா? அதெல்லாம் தெரிஞ்ச ஆளு இனி நீ ஒருத்திதானே."

அவள் ஒரு புடவையை மடித்து முடித்தாள்.

"இத நீ முன்னமே சொல்லியிருந்தா, நான் பத்து வருஷத்துக்கு முன்னமே போயிருப்பேன். அப்பாவுக்க தும்மல போன்லயும் தும்மிக் காட்டலாம்லா" என்றாள். பிறகு முந்தானையால் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். அது அழுக்காகவே இல்லை.

விமானத்துக்குப் போகும் அன்று கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. இறங்கி ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுப் போ என்றேன். "எறங்கமாட்டேன். நீ ஜெபம் பண்ணித் தொடங்கினா ப்ளேன் போயிரும்" என்றாள். அம்பூரி வீட்டுச் சாவியை ஜன்னல் வழியாக என் கையில் வைத்தாள். சாவிக்கொத்தில் நான்கு சாவி. ஸ்டீபன் கண்ணாடியை ஏற்றினான். கண்ணாடி ஏறிய பிறகு அவள் ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. கார் போய்விட்டது.

அன்று முழுக்க அது என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். தங்கம் இரண்டு மூன்று யோசனை சொன்னாள். அதில் ஒன்று வேதவசனம். மறுநாள் காலையில் போன் போட்டுக் கேட்டேன்.

"அதுவா?" என்றாள் லீலா. பின்னால் யாரோ குழந்தையிடம் இந்தியில் பேசும் சத்தம் கேட்டது. "கேஸ் சிலிண்டர அடச்சேனான்னு ஒரு சம்சயம். அதாக்கும் சொன்னேன். நீ மெனக்கெடண்டாம். குஞ்ஞுமோளெ விட்டுப் பாக்கலாம்."

சாவி என்னிடம் அல்லவா இருக்கிறது. அடுத்த பஸ்ஸிலேயே போனேன். வீட்டைத் திறந்து, அடுக்களைக்குள் போய், குனிந்து பார்த்தேன். அடைத்துத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு தடவை திறந்து, மறுபடியும் அடைத்துவிட்டு வந்தேன்.